கல்லறைக் கல்லை நாமே படிக்கலாம்: பண்டைய எகிப்திய மொழிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பண்டைய எகிப்திய மொழியைக் கற்கத் தொடங்குகிறவர்களில் பலர் சித்திரக் குறிகளைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதிலேயே நின்றுவிடுகிறார்கள். நூறு குறிகள் தெரிந்திருக்கும், ஆனால் ஒரு வாக்கியம்கூடப் படிக்க வராது. அதனால் இங்கே வேறு வழி. எகிப்தியக் கல்லறைக் கற்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு படையல் வாசகம் இருக்கிறது. அதைப் படிக்க என்னென்ன எழுத்தும் சொல்லும் இலக்கணமும் வேண்டுமோ அவற்றை மட்டும் முதலில் எடுத்துக்கொள்வோம். பிறகு ஒரு கதையிலிருந்து மூன்று சிறு வாக்கியங்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்த மொழிக்கான பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ ஜெர்மனிலோ இருக்கின்றன. அந்த மொழிகளைப் பேசுகிறவர்களுக்கு எது விசித்திரமோ அதைத்தான் அவை பக்கம் பக்கமாக விளக்கும். அதில் பாதி தமிழருக்கு விசித்திரமே இல்லை. நாம் தடுமாறும் இடங்கள் வேறு. எகிப்திய வாக்கியத்தை ஆங்கிலம் வழியாகச் சுற்றிக்கொண்டு வராமல் நேரே தமிழில் பொருள் கொண்டு பழகுங்கள்.

எந்தக் காலத்து மொழி?

எகிப்திய மொழியின் எழுத்துச் சான்றுகள் கி.மு. 3000-ஐ ஒட்டித் தொடங்குகின்றன. அதன் கடைசி வடிவமான கொப்டிக் இன்றும் எகிப்தியக் கிறித்தவர்களின் வழிபாட்டில் ஒலிக்கிறது. இத்தனை நீண்ட வரலாற்றை அறிஞர்கள் பழைய எகிப்தியம், மத்திய எகிப்தியம், பிந்தைய எகிப்தியம், டெமோட்டிக், கொப்டிக் என்று ஐந்தாகப் பிரிக்கிறார்கள். தொடங்க வேண்டியது மத்திய எகிப்தியத்தில். ஏறக்குறைய கி.மு. 2000 முதல் 1300 வரை வழங்கிய மொழி அது. மக்கள் அதைப் பேசுவதை விட்ட பிறகும் கோயில்களும் அரசக் கல்வெட்டுகளும் அதை விடவில்லை. தேதி தெரிந்த கடைசி ஹைரோகிளிஃப் (சித்திர எழுத்து) கல்வெட்டு கி.பி. 394 ஆகஸ்ட் 24-இல் ஃபிலே கோயிலில் வெட்டப்பட்டது. இந்த ஒரு வடிவத்தைக் கற்றால் வெகு நீண்ட காலத்து எழுத்துகளுக்குக் கதவு திறக்கும்.

முதல் படி: எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது?

மனிதர், பறவை, விலங்கு எதுவானாலும் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். முகங்கள் வலப்பக்கம் பார்த்தால் வலமிருந்து இடம். இதுவே வழக்கமான திசை. அச்சு நூல்கள் நம் வசதிக்காக இடமிருந்து வலமாகத் திருப்பித் தருகின்றன. செங்குத்துப் பத்தியாக எழுதியிருந்தால் மேலிருந்து கீழே.

குறிகள் வரிசையாக நிற்காமல் கண்ணுக்குத் தெரியாத சதுரங்களுக்குள் அடுக்கப்பட்டிருக்கும். சதுரத்துக்குள் மேலே இருப்பது முதலில், கீழே இருப்பது பிறகு. சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. தெய்வத்தின் பெயரோ ‘அரசன்’ என்ற சொல்லோ வந்தால், படிக்கும்போது பின்னால் வர வேண்டியதாக இருந்தாலும் மரியாதைக்காக அதை முன்னால் எழுதிவிடுவார்கள். பூசாரி என்பதற்கு ‘ஹெம்-நெச்செர்’ என்று சொல்வார்கள், தெய்வத்தின் பணியாள் என்று பொருள். கல்லிலோ தெய்வத்தைக் குறிக்கும் கொடிக்கம்பம்தான் முதலில் நிற்கும். நீள்வட்டத்துக்குள் எழுதியிருந்தால் அரசரின் பெயர். பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியன் 1822-இல் இந்த எழுத்தின் புதிரை அவிழ்த்தபோது பிடித்துக்கொண்ட முனைகளில் இதுவும் ஒன்று.

இரண்டாம் படி: ஒற்றை மெய்க் குறிகள்

எகிப்தியர் உயிரொலிகளை எழுதவில்லை. எழுதியது எல்லாம் மெய் மட்டுமே. ஐரோப்பிய மாணவர்களுக்கு இதை விளக்குவது பெரும்பாடு. நமக்குப் புள்ளி இருக்கிறது: ‘நல்ல’ என்ற சொல்லை எகிப்தியர் எழுதியது ந்-ஃப்-ர் என்று மூன்று புள்ளி எழுத்துகளாகத்தான். எப்படி உச்சரித்தார்கள்? கொப்டிக்கில் அதே சொல் ‘நூஃபே’ என்று வாழ்ந்தது. ஆனால் பழைய உயிரொலிகளை முழுவதுமாக மீட்க முடியாததால் அறிஞர்கள் மெய்களுக்கு நடுவே ஒரு ‘எ’ போட்டு ‘நெஃபெர்’ என்று படிக்கிறார்கள். இது வசதிக்கான ஏற்பாடு மட்டுமே; எகிப்தியர் யாரும் இப்படிப் பேசியதில்லை.

ஒற்றை மெய்க்கான குறிகள் சுமார் 25. தண்ணீர் அலை ந், வாய் ர், ஆந்தை ம், கொம்பு விரியன் ஃப், சிறிய ரொட்டி த், கைப்பிடி வைத்த கூடை க், குளம் ஷ், மடித்த துணியும் கதவுத் தாழ்ப்பாளும் ஸ், நாகம் ஜ், கால்நடையைக் கட்டும் கயிறு ச், காடைக் குஞ்சு வ் (படிக்கும்போது ‘உ’). நாணல் இலை ஒன்று இருந்தால் ‘இ’ போல, இரண்டு இருந்தால் ய். கழுகும் முழங்கையோடு நீட்டிய கையும் இரண்டு தனித்தனித் தொண்டை மெய்கள். இரண்டையும் வசதிக்காக ‘அ’, ‘ஆ’ என்றே படிக்கிறோம்.

மிச்சம் இருப்பவை தமிழ் எழுத்தில் அடங்காது. பாதமும் சதுரப் பாயும் இரண்டுமே நமக்கு ‘ப்’. ஆனால் பாதம் ‘பந்து’வின் ஒலி, பாய் ‘படம்’ என்பதன் ஒலி. கை என்பது ‘தானம்’ என்று சொல்லும்போது வரும் மெல்லிய த். ஜாடித் தாங்கியும் மலைச்சரிவும் வேறு இரண்டு ‘க்’. ‘ஹ்’ மட்டும் நான்கு வகை. ஆகவே அறிஞர்கள் பயன்படுத்தும், அடியில் புள்ளியும் வளைவும் சேர்த்த ரோமன் ஒலிபெயர்ப்பு முறையை முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள். இங்கே தமிழில் தருவது காதுக்குப் பழகுவதற்காக. நோட்டில் எழுதும்போது அந்த முறைதான் வேண்டும், இல்லையென்றால் அகராதியில் எதையும் தேட முடியாது.

மூன்றாம் படி: பெரிய குறிகளும் வாய் திறக்காத குறிகளும்

அடுத்து இரண்டு மெய், மூன்று மெய்களைத் தாங்கும் குறிகள். வீடு ‘பெர்’. கைப்பிடி இல்லாத கூடை ‘நெப்’. வண்டு ‘கெபெர்’. மூச்சுக்குழலோடு சேர்ந்த இதயம் ‘நெஃபெர்’. பாயின்மேல் வைத்த ரொட்டி ‘ஹெதெப்’.

இங்கேதான் புதிதாகக் கற்பவர் இடறுவார். ‘நெஃபெர்’ குறியை எழுதிவிட்டு, பக்கத்தில் விரியனையும் வாயையும் சேர்த்து எழுதியிருப்பார்கள். அதை ‘நெஃபெர்-ஃபெர்’ என்று படிக்கக் கூடாது. அந்த இரண்டும் முன்குறியில் ஏற்கெனவே உள்ள ஒலியை உறுதிப்படுத்த வந்தவை. ஒரு பெரிய குறிக்குப் பக்கத்தில் அதே ஒலியுள்ள சின்னக் குறி வந்தால் முதலில் அதைத் துணை என்றே எண்ணுங்கள். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

சொல்லின் கடைசியில் ஒலியே இல்லாத ஒரு குறி வரும். இது பொருள் எந்த வகையைச் சேர்ந்தது என்று காட்டுவது. வீட்டுக் குறியோடு ஒரு கோடு மட்டும் இருந்தால் வீடு. அதே குறியோடு வாயும் நடக்கும் கால்களும் வந்தால் ‘பெரி’, வெளியே போ. உட்கார்ந்த ஆண், உட்கார்ந்த பெண், சூரிய வட்டம் (காலம்), சுருட்டிய பாப்பிரஸ் (அருவமான எண்ணங்கள்), நடக்கும் கால்கள் (இயக்கம்): இந்த ஐந்தைத் தெரிந்துகொண்டாலே நிறைய சொற்கள் பிரிந்து தெரியும். சொற்களுக்கு நடுவே இடைவெளி இல்லை என்றேனே, அந்தக் குறையை இந்தக் குறிதான் தீர்க்கிறது. அது வந்தால் பெரும்பாலும் அங்கே ஒரு சொல் முடிகிறது. எனக்குப் பிடித்த ஜோடி, தகைவிலானும் சிட்டுக்குருவியும். முன்னது ‘வெர்’, பெரிய. பின்னது சிறுமை, கெடுதல் ஆகியவற்றின் அடையாளம். இரண்டு பறவைகளுக்கும் வித்தியாசம் வால் நுனியில் மட்டும்தான்!

நான்காம் படி: கையில் வைத்திருக்க வேண்டிய சொற்கள்

தனிச்சொல்லாக மனப்பாடம் செய்வதைவிட குடும்பமாகப் பிடிப்பது எளிது. ‘சென்’ சகோதரன், ‘செனெத்’ சகோதரி. ‘ஸா’ மகன், ‘ஸாத்’ மகள். ‘நெச்செர்’ தெய்வம், ‘நெச்செரெத்’ பெண் தெய்வம். ‘நெப்’ தலைவன், ‘நெபெத்’ தலைவி. பெண்பாலுக்கு ‘த்’ சேர்கிறது என்பது இதற்குள் தெரிந்திருக்கும். ‘நெபெத் பெர்’ என்றால் வீட்டின் தலைவி. மணமான பெண்களின் பெயருக்கு முன்னால் கல்லறைக் கற்களில் இது வரும். தமிழில் இல்லத்தரசி என்று எழுதிவிட்டுப் போகலாம், ஒரு அடிக்குறிப்பும் வேண்டாம்.

‘பெர்-ஆ’ பெரிய வீடு, அதாவது அரண்மனை. புதிய அரசு எனப்படும் காலத்தில் (ஏறக்குறைய கி.மு. 1550–1070) அது அரசரையே குறித்தது. அதுதான் ஹீப்ரு வழியாகத் தமிழ் பைபிளில் பார்வோன் ஆனது. இன்னும் சில: ‘ரென்’ பெயர், ‘தா’ நாடு, ‘நிஉத்’ ஊர், ‘மூ’ தண்ணீர், ‘தெ’ ரொட்டி, ‘ஹெனெகெத்’ பியர், ‘இரெப்’ திராட்சை மது, ‘ஸெஷ்’ எழுத்தர், ‘கெத்’ பொருள், ‘அன்க்’ உயிர்.

ஐந்தாம் படி: பெயர்ச்சொல்

ஆண்பால், பெண்பால் என்று இரண்டே பால். வீடு ஆண்பால், ஊர் பெண்பால். இந்தி கற்றவர்களுக்கு இந்தத் தொல்லை பழக்கம்தான். பன்மைக்கு ஆண்பாலில் ‘உ’, பெண்பாலில் ‘ஊத்’; எழுத்தில் மூன்று கோடுகள் போட்டுவிடுவார்கள். இரண்டுக்கென்று தனி எண் உண்டு: ‘தாவி’ என்றால் இரண்டு நாடுகள், மேல் எகிப்தும் கீழ் எகிப்தும். ‘நெப் தாவி’ அரசரின் பட்டம்.

மத்திய எகிப்தியத்தில் பெயருக்கு முன் வரும் சுட்டு இடைச்சொல் கிடையாது. ‘ஸெஷ்’ என்றால் எழுத்தர், அவ்வளவுதான். ‘ஒரு’வா ‘அந்த’வா என்பதை இடம் சொல்லும். தமிழருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் வரிசை தலைகீழ். அடைமொழி பின்னால் வரும், பாலும் ஒத்துப்போகும்: ‘ஸெஷ் நெஃபெர்’ நல்ல எழுத்தர், ‘நிஉத் நெஃபெரெத்’ நல்ல ஊர். உடைமையும் அப்படியே: ‘ஸா ரா’ என்றால் ரா என்ற மகன் அல்ல, ராவின் (சூரியக் கடவுளின்) மகன். வேற்றுமை உருபுகள் செய்யும் வேலையை இங்கே பெயருக்கு முன் நிற்கும் சின்னச் சொற்கள் செய்கின்றன: ‘எம்’ இல், ‘என்’ கு, ‘எர்’ நோக்கி, ‘ஹெர்’ மேல், ‘ஹெனா’ கூட. வீட்டில் என்பது ‘எம் பெர்’.

ஆறாம் படி: ஒட்டுப் பெயர்கள்

மொத்த இலக்கணத்திலும் ஒன்றைத்தான் கற்க நேரம் இருக்கிறது என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். ‘இ’ நான், ‘எக்’ நீ (ஆண்), ‘எச்’ நீ (பெண்), ‘எஃப்’ அவன், ‘எஸ்’ அவள், ‘என்’ நாங்கள், ‘எச்சென்’ நீங்கள், ‘எசென்’ அவர்கள். பெயரோடு ஒட்டினால் உடைமை: ‘பெர்-எஃப்’ அவன் வீடு. ‘எம்’, ‘என்’ போன்ற முன்னிடைச் சொல்லோடு ஒட்டினால் ‘என்-எஃப்’ அவனுக்கு. வினையோடு ஒட்டினால் அதுவே எழுவாய்: ‘செஜெம்-எஃப்’ அவன் கேட்கிறான்.

கடைசியாகச் சொன்னதைப் பார்த்ததும் ‘ஆஹா, நம் வினை விகுதி மாதிரி’ என்று தோன்றும். அங்கேதான் கவனம் வேண்டும். தமிழில் ‘கேட்டான்’ என்றாலும் ‘எழுத்தன் கேட்டான்’ என்றாலும் ‘ஆன்’ போகாது. எகிப்தியத்தில் எழுவாய் பெயராக வந்துவிட்டால் ஒட்டு மறைந்துவிடும்: ‘செஜெம் ஸெஷ்’. இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும் என்ற ஆசை தமிழ்க் காதுக்கு வந்துகொண்டே இருக்கும். அடக்கிக்கொள்ள வேண்டும்.

ஏழாம் படி: வினை இல்லாத வாக்கியங்கள்

பாடநூல்களில் பல அத்தியாயங்களைப் பிடித்துக்கொள்ளும் பகுதி இது. நமக்கு அரை மணி நேரம் போதும். ‘நான் எழுத்தர்’, ‘இந்த ஊர் நல்லது’ என்று வினை இல்லாமல் பேசுகிறவர்கள் நாம்.

பெயர் வாக்கியம்: ‘இனெக் ஸெஷ்’, நான் எழுத்தர். ‘ஸெஷ் பூ’, அவர் எழுத்தர். ‘பூ’ என்பது ‘அது, அவர்’ என்று சுட்டும் சொல். முதல் சொல்லுக்குப் பின்னால் வந்து உட்காரும். அடைமொழி வாக்கியத்தில் அடைமொழி முன்னால் தாவும், பாலும் பார்க்காது: ‘நெஃபெர் ஸெஷ்’, எழுத்தர் நல்லவர். ‘நெஃபெர் நிஉத்’, ஊர் நல்லது. ‘நிஉத் நெஃபெரெத்’தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், வரிசை மாறியதும் ‘த்’ போய்விட்டது, தொடர் வாக்கியமாகிவிட்டது.

மூன்றாவது, இடத்தைச் சொல்லும் வாக்கியம்: ‘இஉ ஸெஷ் எம் பெர்’, எழுத்தர் வீட்டில் இருக்கிறார். முன்னால் நிற்கும் ‘இஉ’வுக்குப் பொருள் தேடாதீர்கள். ‘நான் உறுதியாகச் சொல்லும் செய்தி இது’ என்று காட்ட வருவது. தமிழில் பெரும்பாலும் அதை எழுத வேண்டியதில்லை.

எட்டாம் படி: வினை

வினை முதலில், அப்புறம் எழுவாய், அப்புறம் செயப்படுபொருள். தமிழ் வாக்கியத்தைக் கடைசியிலிருந்து தொடங்குவது போல. அடிப்படை வடிவம் ‘செஜெம்-எஃப்’. நடுவில் ஒரு ‘ந்’ வந்தால் முடிந்த செயல்: ‘செஜெமென்-எஃப்’, கேட்டான். ‘இஉ-எஃப் ஹெர் செஜெம்’, நேர்ப்பொருளில் ‘அவன் கேட்டலின் மேல்’, கேட்டுக்கொண்டிருக்கிறான். ‘இஉ-எஃப் எர் செஜெம்’, ‘அவன் கேட்டலை நோக்கி’, கேட்பான். நடுவில் ‘து’ சேர்ந்தால் செயப்பாட்டு வினை.

எதிர்மறையில்தான் வேடிக்கை. நீட்டி விரித்த இரண்டு கைகள் ‘இல்லை’ என்பதற்கான குறி. ‘என் செஜெம்-எஃப்’ என்றால் கேட்கவில்லை; ‘என் செஜெமென்-எஃப்’ என்றால் கேட்பதில்லை. அதாவது இறந்தகால ‘ந்’ இருக்கும் வடிவம் எதிர்மறையில் நிகழ்கால வழக்கத்தைச் சொல்கிறது, இல்லாத வடிவம் இறந்தகாலம் ஆகிறது. 1924-இல் பாட்டிஸ்கம் கன் இதைத் தெளிவாக்கியதால் கன் விதி என்றே பெயர். ‘நென் செஜெம்-எஃப்’ என்று வந்தால் கேட்கமாட்டான். கேட்கவில்லை, கேட்பதில்லை, கேட்கமாட்டான்: மூன்றுக்கும் தமிழில் தனித்தனி வடிவம் தயாராக இருக்கிறது. அந்த மூன்றையும் நேரே பொருத்திக்கொள்ளுங்கள்.

இன்னொரு வடிவம், செயல் முடிந்து நிலைத்த நிலையைச் சொல்வது. அதற்கு உதாரணம் எல்லோருக்கும் தெரிந்த பெயர்தான்: நெஃபெர்டிட்டி, அதாவது ‘நெஃபெரெத்-இஇதி’, அழகி வந்திருக்கிறாள். கடைசி ‘தி’தான் அந்த வடிவத்தின் பெண்பால் விகுதி.

ஒன்பதாம் படி: கல்லைப் படிப்போம்

படையல் வாசகம் இப்படித் தொடங்கும்: ‘ஹெதெப் தி நெசு’, அரசர் தரும் படையல். கல்லில் அரசரைக் குறிக்கும் கோரைப்புல் முன்னால் இருக்கும். முதல் படியில் பார்த்த மரியாதை வரிசை. அடுத்து தெய்வத்தின் பெயர், பெரும்பாலும் இறந்தோர் உலகின் தெய்வமான ஒசிரிஸ்: ‘உசிர் நெப் ஜெது, நெச்செர் ஆ, நெப் அப்ஜு’. ஜெதுவின் தலைவர், பெரிய தெய்வம், அப்ஜுவின் தலைவர். கிரேக்கர் புசிரிஸ், அபிடோஸ் என்று அழைத்த ஊர்கள் அவை.

பிறகு ‘தி-எஃப் பெரெத்-கெரு’, அவர் குரல்படையல் தரட்டும். ‘பெரி’ என்ற வினை இங்கே ‘பெரெத்’, வெளிப்படுதல், ‘கெரு’ குரல். வாயால் சொன்னாலே இறந்தவருக்குப் படையல் போய்ச் சேரும் என்ற நம்பிக்கை. வழியில் நின்று படிக்கிறவர் உணவு கொண்டுவர வேண்டாம், மூச்சு இருந்தால் போதும். அடுத்து பட்டியல்: ரொட்டி, பியர், காளை, கோழியினம், வெண்பளிங்குப் பாத்திரம், துணி. சில கற்களில் ஒரு தாமரைக் குறி முன்னால் வரும். அது ‘கா’, ஆயிரம். எல்லாம் ஆயிரம் ஆயிரமாக வேண்டும்.

பட்டியல் முடிவில் ‘கெத் நெபெத் நெஃபெரெத் வாபெத் அன்கெத் நெச்செர் இம்’: தெய்வம் உண்டு உயிர்வாழும் நல்ல, தூய பொருள் எல்லாம். ‘நெபெத்’ இங்கே தலைவி அல்ல, ‘எல்லாம்’. ‘கெத்’ பெண்பால் என்பதால் அதைச் சார்ந்து பின்னால் வரும் நான்கு சொற்களும் ‘த்’ போட்டுக்கொண்டிருக்கின்றன. ஐந்தாம் படியை இந்த ஒரு வரியில் சோதித்துப் பார்க்கலாம். பிறகு ‘என் கா என்’, இன்னாருடைய காவுக்கு. இந்தக் கா மனிதரின் உயிராற்றல், எழுத்தில் உயர்த்திய இரு கைகள். பெயருக்குப் பின்னால் ‘மா-கெரு’, மெய்க்குரலோர், அதாவது மறுமைத் தீர்ப்பில் நேர்மையானவராக ஏற்கப்பட்டவர். தாயின் பெயரைச் சொல்ல ‘மெஸ் என்’, இன்னாருக்குப் பிறந்தவர், என்று தொடரும்.

அருங்காட்சியகங்களின் இணையத் தொகுப்புகளில் பண்டைய எகிப்தின் மத்திய அரசு எனப்படும் காலத்துக் (ஏறக்குறைய கி.மு. 2050–1700) கற்களின் தெளிவான படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு இந்த வாசகத்தைத் தேடுங்கள். எழுத்துவழக்கு கல்லுக்குக் கல் கொஞ்சம் மாறும். அந்த மாற்றங்களைக் குறித்துக்கொள்வதே நல்ல பயிற்சி.

குறிகளை அடையாளம் காண ஆலன் கார்டினர் வகுத்த பட்டியலைப் பயன்படுத்துங்கள். அவர் குறிகளை மனிதர், உடலுறுப்பு, பறவை என்று வகைப்படுத்தி எண் கொடுத்தார். ஆந்தை ஜி 17, தண்ணீர் அலை என் 35. இன்றைய பெரும்பாலான குறிப்பட்டியல்களும் மென்பொருள்களும் அந்த எண்களில்தான் பேசுகின்றன. கணினியில் ஹைரோகிளிஃப் எழுத ஜேசெஷ் என்ற இலவச மென்பொருள் உண்டு. இணையத்தில் இலவசமாகச் சுற்றும் நூறாண்டு பழைய நூல்களைத் தவிர்த்துவிடுவது நல்லது. அவற்றின் ஒலிபெயர்ப்பும் வினை விளக்கமும் காலாவதியாகிவிட்டன, பிறகு மறப்பதுதான் பெரிய வேலை.

பத்தாம் படி: கதைக்குள்

மத்திய அரசுக் காலத்துப் புகழ்பெற்ற கதை சினுஹே. நாட்டைவிட்டு ஓடிய ஓர் அரண்மனை அலுவலர், தனக்குக் கிடைத்த அயல்நிலத்தைச் சொல்கிறார்.

‘தா பூ நெஃபெர், இஆ ரென்-எஃப்.’ சொல்லுக்குச் சொல்: நாடு அது நல்ல, இஆ பெயர்-அதன். ‘பூ’ முதல் சொல்லுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து ‘நல்ல நாடு’ என்பதைப் பிளந்துவிட்டதைக் கவனியுங்கள். தமிழில்: அது நல்ல நாடு, அதன் பெயர் இஆ.

‘இஉ தாபு இம்-எஃப் ஹெனா இஆரெருத்.’ இடத்தைச் சொல்லும் வாக்கியம். ஒட்டுப்பெயர் சேர்ந்தால் ‘எம்’ என்பது ‘இம்’ ஆகும். அங்கே அத்தியும் உண்டு, திராட்சையும் உண்டு.

‘வெர் என்-எஃப் இரெப் எர் மூ.’ அடைமொழி முன்னால் தாவியிருக்கிறது. அதே தகைவிலான் குறி, ‘வெர்’. ‘எர்’ இங்கே நோக்கி அல்ல, ஒப்பீடு, நம் ‘விட’. அங்கே தண்ணீரைவிட மது அதிகம்.

மூன்று வாக்கியம், ஒரு வினைகூட இல்லை, தமிழிலும் வினை கேட்கவில்லை. ஆனால் தொடர்ந்து படிக்க சினுஹேயை முதலில் எடுக்காதீர்கள், அதன் நடை கடினமானது. கப்பல் உடைந்து தீவில் ஒதுங்கிய மாலுமியின் கதையை எடுங்கள். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் உள்ள ஒரே ஒரு பாப்பிரஸ் சுருளில் தப்பிப் பிழைத்த கதை அது. வாக்கியங்கள் சின்னவை, ஒரே சொற்கள் திரும்பத் திரும்ப வரும், பேசும் பாம்பு ஒன்றும் இருக்கிறது.